ரூபாயில் கட்டலாமா, யூரோவில் கட்டலாமா?

ஜெர்மனியில் உள்ள ஓவியப் பொருள் கடை ஒன்றின் இணையதளத்தில் 200 யூரோவுக்கு ஒரு நீர்வண்ணப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முகவரி கொடுத்தாயிற்று, கார்டு எண்ணையும் அடித்தாயிற்று. கடைசிப் பக்கம் வருகிறது. அதுவரை யூரோவில் மட்டுமே விலை காட்டிய தளம் இப்போது ஒரு கேள்வி கேட்கிறது: எந்த நாணயத்தில் செலுத்த விரும்புகிறீர்கள்? ஒரு பக்கம் இந்தியக் கொடியும் 21,200 ரூபாயும். இன்னொரு பக்கம் ஐரோப்பியக் கொடியும் 200 யூரோவும். ரூபாய்க்குக் கீழே, கட்டப்போகும் தொகை இப்போதே உறுதி என்று ஓர் ஆறுதல் வரி. யூரோவுக்குக் கீழே, மாற்று விகிதத்தை உங்கள் வங்கி பிறகு தீர்மானிக்கும் என்று ஒரு வயிற்றைக் கலக்கும் வரி.

ரூபாயைத் தட்டத்தான் கை போகும். பழகிய பணம், தெளிவான தொகை. ஆனால் அந்தப் பக்கம் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. கடைக்காரருக்கு வேண்டியது யூரோ, உங்களிடம் இருப்பது ரூபாய். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நடுவில் யாரோ ஒருவர் ரூபாயை யூரோவாக மாற்றியே ஆக வேண்டும். அதை யார் செய்வது, என்ன விலைக்குச் செய்வது என்பதுதான் அங்கே உண்மையில் கேட்கப்படுகிறது. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்றும் வேலை கடைக்காரரின் தரப்புக்குப் போகிறது. யூரோவைத் தேர்ந்தெடுத்தால் அது உங்கள் கார்டின் தரப்புக்கு, அதாவது விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கும் கார்டு கொடுத்த வங்கிக்கும் போகிறது. இரண்டு தரப்பும் கூலி வாங்குகின்றன. எந்தக் கூலி குறைவு என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

கடைக்காரரின் தரப்பிலேயே பணத்தை மாற்றித் தரும் இந்த ஏற்பாட்டுக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். வங்கிக்காரர்கள் சுருக்கமாக டிசிசி என்பார்கள். 1990களின் பிற்பகுதியில் சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளிலும் ஹோட்டல்களிலும் பரவத் தொடங்கி, பிறகு ஏடிஎம்களுக்கும் இணையக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. மாற்றுவதில் கிடைக்கும் லாபத்தை, அதை நடத்தும் நிறுவனமும் கடைக்காரரின் வங்கியும் கடைக்காரரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ரூபாயில் கட்டச் சொல்லித் தளங்கள் ஏன் இவ்வளவு அக்கறையாக வற்புறுத்துகின்றன என்பதற்கு இந்தப் பங்கே காரணம்.

நீங்கள் இந்தியர் என்பது தளத்துக்கு எப்படித் தெரிந்தது? கொடுத்த முகவரியால் மட்டும் அல்ல. கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள், 2022 ஏப்ரலுக்குப் பிறகு எட்டு இலக்கங்கள், அந்தக் கார்டை எந்த வங்கி கொடுத்தது என்பதைச் சொல்லும். எந்த எண்வரிசை எந்த நாட்டு வங்கிக்கு உரியது என்ற அட்டவணை டிசிசி நிறுவனங்களிடம் இருக்கிறது. முழு எண்ணையும் அடித்து முடிப்பதற்கு முன்பே, இது இந்திய வங்கியின் கார்டு, இதன் கணக்கு ரூபாயில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதனால்தான் ரூபாய் பொத்தான் கார்டு எண்ணைக் கொடுத்த பிறகே பெரும்பாலும் தோன்றுகிறது.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கார்டு பரிவர்த்தனைகள் ஐஎஸ்ஓ 8583 என்ற தரத்தின்படி அமைந்த ஒரு சிறிய செய்தியாக வங்கிக்கு வங்கி பயணிக்கின்றன. அந்தச் செய்தியில் எண்ணிட்ட பல புலங்கள் உண்டு. நான்காம் புலத்தில் தொகை இருக்கும். பன்னிரண்டு இலக்கங்கள், தசமப் புள்ளி கிடையாது. 49ஆம் புலத்தில் அந்தத் தொகை எந்த நாணயத்தில் இருக்கிறது என்பதற்கான மூன்று இலக்கக் குறியீடு. யூரோவுக்கு 978, அமெரிக்க டாலருக்கு 840, ஜப்பானிய யென்னுக்கு 392, இந்திய ரூபாய்க்கு 356. யூரோவில் கட்டச் சொன்னால் நான்காம் புலத்தில் 000000020000 என்றும் 49ஆம் புலத்தில் 978 என்றும் போகும். கடைசி இரண்டு இலக்கங்கள் சென்ட் என்பதால் அது 200 யூரோ. விசாவோ மாஸ்டர்கார்டோ நடுவில் அதை ரூபாயாக்கி, உங்கள் கணக்கில் பிடிக்க வேண்டிய தொகையை ஆறாம் புலத்தில் எழுதி வங்கிக்கு அனுப்பும்.

ரூபாயை அழுத்தினால் கதை வேறு. செய்தி கிளம்பும்போதே நான்காம் புலத்தில் 000002120000, 49ஆம் புலத்தில் 356. விசாவுக்கு மாற்ற எதுவும் மிச்சம் இல்லை, தொகை ஏற்கெனவே ரூபாயில் வந்துவிட்டது. ஆனால் பணம் வாங்கும் வங்கி எந்த நாட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லும் இன்னொரு புலமும் அந்தச் செய்தியில் உண்டு. அதில் ஜெர்மனியின் எண்ணான 276 இருக்கிறது. நாணயம் இந்தியா, கடை ஜெர்மனி. இந்த முரணை உங்கள் வங்கியின் கணினி உடனே கவனித்துவிடும். அதற்கும் ஒரு கட்டணம் வைத்திருக்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், சரியான விலை என்று ஒன்று உண்டா? உண்டு. உலக நாணயச் சந்தையில் வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைதான் அது. சர்வதேசத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கின்படி, 2025 ஏப்ரலில் இந்தச் சந்தையில் ஒரே நாளில் சராசரியாக 9.6 லட்சம் கோடி டாலர் கைமாறியது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பரிவர்த்தனைகளில் ஒரு பக்கம் டாலர் இருந்தது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகச் சிறியது. இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்ணைத்தான் கூகுளில் தேடும்போது பார்க்கிறோம். அது கோயம்பேட்டு மொத்த விலை மாதிரி. நமக்கு அந்த விலையில் கிடைக்காது, ஆனால் தெருமுனைக் கடையில் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த விலை தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்கான குறிப்பு விகிதத்தை எஃப்பிஐஎல் என்ற அமைப்பு ஒவ்வொரு வேலை நாளும் பிற்பகலில் வெளியிடுகிறது. 2018 ஜூலை வரை ரிசர்வ் வங்கியே நேரடியாகச் செய்துவந்த வேலை அது.

விசாவும் மாஸ்டர்கார்டும் பயன்படுத்தும் விகிதம் இந்தச் சந்தை விலைக்கு மிக அருகில் இருக்கும். இருவரும் அன்றாட விகிதத்தைத் தங்கள் இணையதளங்களில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். வங்கியின் கட்டணச் சதவீதத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் வசதி அந்தப் பக்கங்களிலேயே உண்டு. ஆக, யூரோவில் கட்டினால் செலவு கூடுவது விசாவால் அல்ல, பெரும்பாலும் நம் வங்கியால். இந்திய வங்கிகளின் சாதாரணக் கார்டுகளில் ஃபாரெக்ஸ் மார்க்கப் என்ற பெயரில் 3.5 சதவீதம் வரை வாங்குகிறார்கள். அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம். உயர்ரகக் கார்டுகளில் இது 2 சதவீத அளவுக்குக் குறையும். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன.

நீர்வண்ணப் பெட்டிக்குத் திரும்புவோம். கணக்கு எளிதாக இருக்க, சந்தையில் ஒரு யூரோ 100 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். பெட்டியின் உண்மை விலை 20,000 ரூபாய். 3.5 சதவீத மார்க்கப் உள்ள கார்டில் யூரோவாகக் கட்டினால் மார்க்கப் 700 ரூபாய், ஜிஎஸ்டி 126 ரூபாய், மொத்தம் 20,826 ரூபாய். தளம் காட்டும் ரூபாய் தொகை 21,200. அதாவது ஒரு யூரோவுக்கு 106 ரூபாய், சந்தை விலையைவிட 6 சதவீதம் கூடுதல். அதோடு முடிந்துவிடுவதில்லை. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனை என்பதற்காகப் பல இந்திய வங்கிகள் 1 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் வசூலிக்கின்றன. மேலே சொன்ன 356-க்கும் 276-க்கும் உள்ள முரணுக்கு வைத்த கட்டணம் இதுதான். 21,200-க்கு 212 ரூபாயும் அதற்கு வரி 38 ரூபாயும் சேர்த்தால் மொத்தம் 21,450. தொகை இப்போதே உறுதி என்ற வாக்கு இங்கே பொய்த்துப்போகிறது. பொத்தானில் பார்த்தது 21,200, ஸ்டேட்மென்ட்டில் வருவது 21,450. யூரோவில் கட்டியிருந்தால் 624 ரூபாய் மிச்சம். மார்க்கப் இல்லாத கார்டாக இருந்தால் மிச்சம் 1,450 ரூபாய்.

வெளிநாட்டில் எப்போதும் அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டு என்ற அறிவுரையைப் பயணக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் படித்திருப்பீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது மார்க்கப் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் மேலைநாட்டுக் கார்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 4.13 சதவீதம் கட்டும் இந்தியருக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தாது. தளம் சந்தை விலைக்கு மேல் வெறும் 2.5 சதவீதம்தான் ஏற்றியிருக்கிறது என்றால், ரூபாயில் 20,500. வங்கியின் 1 சதவீதமும் வரியும் சேர்ந்தால் 20,742. யூரோவில் கட்டுவதைவிட 84 ரூபாய் குறைவு. சாதாரண இந்தியக் கார்டுக்கு எல்லைக்கோடு ஏறக்குறைய 2.9 சதவீதத்தில் இருக்கிறது. தளத்தின் ஏற்றம் அதற்குக் கீழே என்றால் ரூபாய் லாபம், மேலே என்றால் யூரோ லாபம். உங்கள் வங்கி அந்த 1 சதவீதக் கட்டணத்தை வாங்குவதில்லை என்றால் எல்லைக்கோடு 4.13-க்கு நகரும். மார்க்கப் இல்லாத கார்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், வெளிநாட்டு நாணயம்தான்.

நடைமுறையில் டிசிசி 2.9 சதவீதத்துக்குள் நிற்பது அபூர்வம். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பெயுக் 2017இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, டிசிசியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஏறக்குறைய எல்லா நேர்வுகளிலும் நட்டமே என்றும், கூடுதல் செலவு 2.6 முதல் 12 சதவீதம் வரை போனது என்றும் காட்டியது. 12 சதவீதம் என்பது சிறு தொகை அல்ல. நூறு யூரோவுக்குப் பன்னிரண்டு யூரோ, ஒரு திரையில் ஒரு தடவை விரல் பட்டதற்கு.

கார்டு கொடுக்கும் வங்கிகளும் இந்த விஷயத்தில் உத்தமர்களாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் விசா, மாஸ்டர்கார்டு, டைனர்ஸ் கிளப் ஆகியவற்றின் மீதும் பெரிய வங்கிகள் பலவற்றின் மீதும் வாடிக்கையாளர்கள் ஒரு கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். வெளிநாட்டுச் செலவுகளை டாலராக்கும்போது வாங்கிய கட்டணத்தைத் தங்களுக்குள் பேசிவைத்து நிர்ணயித்தார்கள், அதை வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லவும் இல்லை என்பது குற்றச்சாட்டு. 1996 முதல் 2006 வரையிலான செலவுகளுக்காக 33 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். இன்று அமெரிக்கக் கார்டு ஸ்டேட்மென்ட்களில் வெளிநாட்டுக் கட்டணம் தனி வரியாகத் தெரிகிறது என்றால், அதில் அந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆஸ்திரேலியாவில் நேர் எதிர்த் திசையில் ஒரு வழக்கு நடந்தது. 2010இல் விசா, டிசிசி புதிய கடைகளுக்குப் பரவுவதைச் சில மாதங்கள் தடுத்துவைத்தது. கேட்பதற்கு வாடிக்கையாளரைக் காப்பாற்றியது போலத் தோன்றும். ஆஸ்திரேலியப் போட்டி ஆணையம் அப்படிப் பார்க்கவில்லை. மாற்றும் வேலையில் தனக்குப் போட்டி வராமல் விசா தடுக்கிறது என்று வழக்குப் போட்டது. 2015இல் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடியே 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு உண்டு. ரூபாய் பொத்தானே இருக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பொத்தானின் விலை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

விலை எழுதியிருந்தாலும் நாம் தடுமாறுவோம் என்று சொல்லும் உளவியல் ஆய்வுகளும் உண்டு. பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவாஸ்தவா என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. வெளிநாட்டு நாணயத்தில் விலையைப் பார்க்கும்போது, மாற்று விகிதம் தெரிந்திருந்தும் மனம் எழுதியிருக்கும் எண்ணையே பிடித்துக்கொள்கிறது. எண் சிறியதாக இருந்தால் கூடுதலாகச் செலவு செய்கிறோம், பெரியதாக இருந்தால் கையை இறுக்குகிறோம். ரூபாயில் வாழும் நமக்கு யூரோ, பவுண்டு, டாலர் விலைகள் எல்லாமே சிறிய எண்கள். 200 என்று பார்க்கும்போது தோன்றாத தயக்கம் 20,000 என்று பார்க்கும்போது வருகிறது. எனவே பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வரை ரூபாய் விலையைப் பார்ப்பது நல்லது. பல தளங்களில் மேல் மூலையில் நாணயத்தை மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைப் பார்ப்பதற்குப் பயன்படுத்துங்கள், கட்டும்போது கடைக்காரரின் நாணயத்துக்குத் திரும்புங்கள். சில தளங்களில் இப்படிக் காட்டப்படும் ரூபாய் விலை வெறும் மதிப்பீடுதான், கடைசியில் எப்படியும் யூரோவில்தான் பிடிப்பார்கள். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அது எழுதியிருக்கும்.

இதைவிட மோசமான ஒரு பொறி மூன்றாவது நாணயம். ஜப்பானியப் பழைய புத்தகக் கடை ஒன்றில் விலை 10,000 யென். தளம் யென்னிலும் டாலரிலும் கட்டலாம் என்கிறது. யென் நமக்குப் பழக்கம் இல்லை, டாலர் பழக்கம் என்று டாலரைத் தேர்ந்தெடுக்கிறோம். யென்னை டாலராக்கும்போது தளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த டாலர் ரூபாயாகும்போது நம் வங்கி தன் 3.5 சதவீதத்தைக் குறைக்காமல் எடுத்துக்கொள்கிறது. ஒரு மாற்றத்துக்குப் பதில் இரண்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கூலி. பல இந்திய வங்கிகள் எந்த நாட்டுப் பணத்தையும் முதலில் டாலராக்கிப் பிறகு ரூபாயாக்குகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த இடைமாற்றம் மொத்தச் சந்தை விலையை ஒட்டி நடப்பது. தளம் செய்யும் இடைமாற்றம் தளத்தின் விலையில் நடப்பது. யென் கடையில் யென்னிலேயே கட்டுங்கள்.

கார்டுக்கும் கடைக்கும் நடுவே பேபால் போன்ற ஒரு சேவை நிற்கும்போதும் இதே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. பேபால் தானே மாற்றித் தருவதாக முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும். அதன் விகிதத்தில் அதன் பங்கு அடங்கியிருக்கும். பணம் செலுத்தும் பக்கத்தில் நாணயத் தேர்வுகள் என்ற சிறிய இணைப்பைத் திறந்தால், விற்பவரின் நாணயத்திலேயே கார்டில் பிடிக்கச் சொல்லும் வழி இருக்கும். அமேசானின் அமெரிக்கத் தளத்திலும் அமேசான் கரன்சி கன்வர்ட்டர் என்ற பெயரில் இதே வகையான தேர்வு உண்டு. ஆர்டரை உறுதி செய்யும் பக்கத்தில் எந்த நாணயம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை கண்ணை ஓட்டுவது நல்லது.

எல்லா ரூபாய் விலையும் மாற்றிக் காட்டிய விலை அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஸ்டீம் தளத்தில் விற்கும் கணினி விளையாட்டுகளுக்கும், பல இணையச் சந்தா சேவைகளுக்கும் இந்தியாவுக்கென்று தனியாக ரூபாய் விலை வைத்திருக்கிறார்கள். டாலர் விலையை மாற்றிப் பார்த்தால் வரும் தொகையைவிட அது பெரும்பாலும் குறைவு. அங்கே ரூபாயே விற்பவரின் விலை, ரூபாயில் கட்டுவதே சரி. இரண்டையும் பிரித்தறிவது கடினம் அல்ல. 499, 1,299 என்று முழுமையாக இருந்து, நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் அது இந்திய விலை. 21,187.43 என்று பைசா சுத்தமாக இருந்து, நாளைக்கு வேறு எண்ணாக மாறினால் அது யாரோ மாற்றிக் காட்டிய விலை. முதல் வகையிலும் பணம் வாங்கும் வங்கி வெளிநாட்டில் இருந்தால், நம் வங்கியின் 1 சதவீதக் கட்டணம் ஸ்டேட்மென்ட்டில் எட்டிப்பார்க்கலாம். மாதச் சந்தாவுக்குக் கீழே சில ரூபாய்களில் விளங்காத வரி ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

ரூபாயில் கட்டினால் இது உள்நாட்டுப் பரிவர்த்தனையாகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகாது. 2020இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவின்படி புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும்படியே வருகின்றன, வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். கடை வெளிநாட்டில் இருக்கும்வரை, கொடியும் நாணயமும் எதுவாக இருந்தாலும், அந்தக் கதவு திறந்திருந்தால்தான் பணம் போகும். வேலை முடிந்ததும் வங்கிச் செயலியில் அதைத் திரும்ப மூடிவிடுவது பாதுகாப்பு.

ரூபாய் பொத்தானுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முக்கியமான வாதம் உறுதி. யூரோவில் கட்டினால், கடைக்காரர் கணக்கை அனுப்பி முடிக்கும் நாளின் விகிதம்தான் பொதுவாக இறுதியாகும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதற்குள் ரூபாய் விழுந்துவிட்டால்? விழலாம், எழவும் செய்யலாம். சாதாரண நாட்களில் டாலருக்கு எதிரான ரூபாயின் அசைவு பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த அரை சதவீத ஆபத்தைத் தவிர்க்க ஐந்து, ஆறு சதவீதம் கொடுப்பது நியாயமான காப்பீடு அல்ல. ஆனால் சாதாரணமல்லாத நாட்களும் உண்டு. 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி யூரோவுடன் வைத்திருந்த கட்டுப்பாட்டைக் கைவிட்டபோது சுவிஸ் பிராங்க் சில நிமிடங்களில் தாறுமாறாக ஏறியது. 2016 ஜூன் 24 அன்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் வாக்கெடுப்பின் முடிவு வந்ததும் பவுண்டு ஒரே நாளில் 8 சதவீத அளவுக்குச் சரிந்தது. நமக்கு இன்னும் அருகில், இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது, மாத முடிவில் ஏறக்குறைய 300. அந்த மாதத்தில் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து டாலரில் எதையாவது வாங்கி, பணம் பிடிக்கப்படுவதற்காக மூன்று நாள் காத்திருந்தவருக்கு, தொகையை உடனே உறுதி செய்திருந்தால் லாபமாக இருந்திருக்கும். நாணயம் ஆட்டம் காணும் நாடுகளில் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது.

பொருளைத் திருப்பி அனுப்பும்போது வரும் சிக்கலை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. யூரோவில் கட்டியிருந்தால் 200 யூரோ திரும்ப வரும், ஆனால் திரும்பும் நாளின் விகிதத்தில். யூரோ 99 ரூபாய்க்கு இறங்கியிருந்தால் 19,800 ரூபாய்தான் கையில் சேரும். வங்கி வாங்கிய மார்க்கப்பும் பெரும்பாலும் திரும்புவதில்லை. ரூபாயில் கட்டியிருந்தால், அதே ரூபாய்த் தொகையைத் தருகிறார்களா, யூரோ விலையை அன்றைய விகிதத்தில் மறுபடி மாற்றித் தருகிறார்களா என்பது தளத்தின் விதியைப் பொறுத்தது. ஆடை, செருப்பு போலத் திருப்பி அனுப்ப வாய்ப்புள்ள பொருள் என்றால் அந்த விதியை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

ஆகவே அந்தக் கடைசிப் பக்கம் வந்ததும் நிதானியுங்கள். ரூபாய்த் தொகையை வெளிநாட்டுத் தொகையால் வகுங்கள். வரும் எண்ணை அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் கார்டின் மார்க்கப் எவ்வளவு, வெளிநாட்டில் ரூபாயில் கட்டினால் தனிக் கட்டணம் உண்டா என்ற இரண்டையும் வங்கியின் கட்டணப் பட்டியலில் ஒருமுறை பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் அரை நிமிட வேலை.

இந்த அரை நிமிடத்தைக்கூட எல்லோராலும் செலவழிக்க முடியாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் சிற்றூர் மாணவி ஒருத்தி, கடைசி நாளின் பதற்றத்தில், அப்பாவின் கார்டை வாங்கி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் செலுத்துகிறாள். அவள் முன் வரும் திரை அவளைப் பயமுறுத்தி, விலை கூடிய பொத்தானின் பக்கம் தள்ளுகிறது. தேர்வுக் கட்டணம், விசாக் கட்டணம், மென்பொருள் உரிமம் என்று இப்படிச் சிறு தொகைகளைக் கட்டுகிறவர்களில் பலர் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கள்.

அவர்களுக்காகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏடிஎம்மிலோ கடையிலோ பணத்தை மாற்றித் தருபவர், தான் ஏற்றியிருக்கும் தொகை ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதைப் பணம் செலுத்தும் முன்பே காட்டியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. ஒன்றிய நாணயங்களுக்கு இடையிலான கார்டுச் செலவுகளுக்கு 2020 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுத் தளங்களை நம் ரிசர்வ் வங்கியால் கட்டுப்படுத்த முடியாமல் போகலாம். ஆனால் கார்டு கொடுக்கும் வங்கிகள் அதன் கைக்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு வெளிநாட்டுச் செலவுக்கும் பிறகு வரும் குறுஞ்செய்தியில், எஃப்பிஐஎல் குறிப்பு விகிதத்தைவிட மொத்தத்தில் எத்தனை சதவீதம் கூடுதலாகப் போயிற்று என்று ஒரே ஒரு எண்ணைச் சேர்க்கும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.